காலை பத்து மணிக் காயம்

டீ நன்றாக இருக்கிறது மேடம். சர்க்கரை கொஞ்சம் தூக்கல், ஆனால் குறை சொல்லும் அளவுக்கு இல்லை. நீங்கள்தான் பாதி குடித்துவிட்டு வைத்துவிட்டீர்கள். முதலில் இடது கைப் பக்கம் வைத்தீர்கள், நடுவில் ஃபைலை எடுத்தபோது வலது பக்கம் தள்ளிவிட்டீர்கள். தப்பாக நினைக்காதீர்கள். இருபத்திரண்டு வருஷமாக இதே பிழைப்பு, கண் தானாக அங்கே போய் நிற்கிறது.

என் வேலை என்னவென்று சொன்னால் பாதிப் பேருக்குப் புரியாது. சினிமாவில் கன்டினியூட்டி பார்க்கிறேன் என்பேன். "ஓ, நடிக்கிறீங்களா?" என்பார்கள். படத்தைத் துண்டு துண்டாக எடுப்போம். ஒரு ஆள் கதவைத் திறப்பதை இன்றைக்கு எடுத்தால், உள்ளே நுழைவதை இருபது நாள் கழித்து எடுப்போம். பார்க்கிறவனுக்கு அது ஒரே மூச்சில் நடக்க வேண்டும். சட்டையில் எந்தப் பட்டன் கழன்றிருந்தது, வகிடு எந்தப் பக்கம், மேசையில் டம்ளரில் எவ்வளவு தண்ணீர், எல்லாவற்றையும் நோட்டில் எழுதி, போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு, அடுத்த முறை ஒப்பிட்டுப் பார்ப்பது நான். எங்கள் நோட்டில் கதையின் நேரத்தைத்தான் எழுதுவோம். வெளியே என்ன தேதி, என்ன கிழமை என்பதெல்லாம் மேனேஜரின் தலைவலி. யூனிட்டில் எனக்கு நோட்டக்கா என்று பெயர். என் சொந்தப் பெயரைக் கேட்டால் அவர்களுக்கே யோசிக்க வேண்டியிருக்கும்.

எங்கள் படத்தின் முதல் பாகத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சின்னப் பிசகைக்கூட விடாத துப்பறிவாளன் கதை. கடைசியில் எல்லோரையும் கூடத்தில் உட்காரவைத்துவிட்டு ஹீரோ பேசுவார். "எவ்வளவு பெரிய கெட்டிக்காரனா இருந்தாலும் ஒரு சின்ன விஷயத்தைக் கோட்டை விட்டுடுவான்." அந்த வசனம் தொடங்கும்போது அவருடைய புருவத்தில் இருந்த பிளாஸ்திரி இடது பக்கம். வசனம் முடியும்போது வலது பக்கம். இரண்டையும் வேறு வேறு நாளில் எடுத்தோம். ஒட்டியவர் மாற்றி ஒட்டிவிட்டார், நான் பார்க்கவில்லை. முதல் நாள் முதல் காட்சியில் நான் நாலாவது வரிசையில் இருந்தேன். எனக்குப் பின்னால் ஒருவன், "முதல்ல உன் பிளாஸ்திரி எங்க போச்சுன்னு கண்டுபிடிய்யா" என்றான். தியேட்டரே சிரித்தது. கொலைகாரன் யார் என்று சொல்லும் இடம் மேடம். யார் கொலைகாரன் என்று யார் காதிலும் விழவில்லை.

அடுத்த நாள் எல்லோர் போனிலும் அந்தப் பிளாஸ்திரிதான். படம் ஓடியது, ஆனால் அந்தப் பிளாஸ்திரியோடுதான் ஓடியது. இயக்குநர் திட்டவில்லை. "நீ பாக்கலேன்னா வேற யாரு பாப்பாங்க?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் அன்றைக்கே மறந்திருப்பேன். ஒன்றரை வருஷம் யாரும் என்னை வேலைக்குக் கூப்பிடவில்லை. கல்யாண வீட்டில்கூட ஒரு சின்னப் பெண் என்னைக் காட்டிப் புருவத்தைத் தொட்டுச் சிரித்தாள்.

இரண்டாம் பாகத்துக்கு இயக்குநர் என்னையே கூப்பிட்டார். அதை நான் எதிர்பார்க்கவில்லை. "தப்பு பண்ணவங்கதான் அடுத்த தடவை கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுட்டுப் பாப்பாங்க" என்றார். கதை ஒரே வீட்டில், ஒரே பகலில் நடக்கிறது. காலை ஒன்பது மணிக்குத் தொடங்கி மாலை ஆறு மணிக்கு முடிந்துவிடும். எடுப்பதற்கு நாற்பத்தொரு நாள். அப்படியென்றால் நாற்பத்தொரு நாளும் எங்களுக்கு ஒரே நாள். ஒரு பூ வாடக்கூடாது, ஒரு தாடி வளரக்கூடாது.

என் தம்பி அதில் வந்தது தற்செயல்தான். அவன் எலெக்ட்ரீஷியன். செட்டில் வயரிங் பார்க்க வந்தான், ஏணி மேல் நின்றுகொண்டிருந்தவனை இயக்குநர் அண்ணாந்து பார்த்தார். கதையில் அந்த வீட்டுக்கு வயரிங் வேலைக்கு வந்து மாட்டிக்கொள்ளும் ஒரு ஆள் உண்டு. கொலையைக் கண்ணால் பார்த்தவன், ஆனால் பயத்தில் கடைசிவரை வாயைத் திறக்க மாட்டான். "பேசாமலேயே எல்லாம் தெரியுதே இந்த மூஞ்சியில" என்றார் இயக்குநர். அவ்வளவுதான். அன்றைக்கு அவன் என்னிடம், "அக்கா, போஸ்டர்ல மூஞ்சி வேணாம், நெத்தியாவது வருமா?" என்றான். முப்பத்துநாலு வயசு ஆள். அம்மா போனபோது அவனுக்கு ஒன்பது, எனக்குப் பத்தொன்பது. பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கையெழுத்து போடும் இடத்தில் நான்தான் போட்டேன். அவன் மேல் எனக்கு உயிர். அதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும், மற்றதை எழுதினாலும் எழுதாவிட்டாலும்.

மூன்றாவது நாள் அடிபட்டது. அவன் பயந்து பின்வாங்கி ஜன்னலில் மோத வேண்டும். மோதினான். ஜன்னலின் தகர விளிம்பு வலது புருவத்துக்கு மேல் ஒரு விரல் நீளத்துக்குக் கிழித்துவிட்டது. கேமரா ஓடிக்கொண்டிருந்தது. நான் நோட்டில் எழுதினேன்: கதை நேரம் காலை பத்து. இயக்குநர் அந்த ஷாட்டை மூன்று தடவை போட்டுப் பார்த்தார். "இது இருக்கட்டும். படம் முழுக்க இந்தக் காயத்தோடவே இருக்கட்டும்" என்றார். தம்பி ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே சிரித்தான். அவன் வேஷம் அந்த நிமிஷத்தில் பெரிதாகிவிட்டது.

தெருமுனையில் ஒரு டாக்டர் இருந்தார். இரண்டு தையல் போட வேண்டும் என்றார். தையல் போட்டால் தையல் தெரியும். நாளைக்கு அழைத்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு, ஐந்து நாள் மாத்திரையை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன். அது ஆறட்டும் என்றுதான் அப்போது நினைத்தேன். ஆறினால் மேக்கப் அண்ணன் இருக்கிறார், பொய்க் காயம் ஒட்டிக்கொள்ளலாம்.

அண்ணன் ஒட்டவும் செய்தார். கைக்காரர், குறை சொல்ல முடியாது. ஆனால் பதினோராவது நாள் எடுத்ததைப் போட்டுப் பார்த்தபோது எடிட்டர் நிறுத்திவிட்டார். வெளிச்சம் பட்டால் ஒட்டின ஓரம் மினுங்கியது. "முன்னாடி காயம், இப்ப பொம்மைக் காயம். மறுபடியும் பிளாஸ்திரிக் கதைதான்" என்றார். இயக்குநர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "அந்த ஆளோட சீனையெல்லாம் குறைச்சிடலாம். முதுகைக் காட்டிச் சமாளிக்கலாம்" என்றார். தம்பி வாசலில்தான் நின்றிருந்தான். "பரவால்லக்கா, முதுகாவது வருதே" என்றான். சிரிக்கப் பார்த்தான், சிரிப்பு வரவில்லை.

மறுநாள் காலை ஆறரை மணிக்கு நான் அவனைக் கேரவனில் உட்காரவைத்தேன். மருந்து போட்டு விடுகிறேன் என்றேன். வெந்நீரில் பஞ்சை நனைத்துக் காயத்தின் மேல் ஐந்து நிமிஷம் வைத்தால் காய்ந்த பொருக்கு ஊறிவிடும். பிறகு புருவம் திருத்தும் இடுக்கியால் ஓரத்தைப் பிடித்து மெதுவாகத் தூக்க வேண்டும். இழுக்கக்கூடாது, தூக்க வேண்டும். மூன்றாவது நாள் போட்டோவை எதிரில் வைத்துக்கொண்டேன். நீளம் சரியாக இருந்தது. கீழ் மூலையில் மட்டும் கொஞ்சம் மூடியிருந்தது, அதைத் திறந்தேன். காய்ந்துபோகாமல் இருக்க, அழுகைக் காட்சிக்கு வைத்திருக்கும் கிளிசரின் பாட்டிலிலிருந்து ஒரு சொட்டு. எல்லோர் கையும் பட்ட பாட்டில்தான்.

"எரியுதுக்கா" என்றான்.

"மருந்துன்னா எரியத்தான் செய்யும். ஆடாம உக்காரு."

அன்றைக்கு எடுத்ததைப் பார்த்துவிட்டு எடிட்டர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாவிட்டால் அது பாராட்டு. தம்பியின் காட்சிகள் அத்தனையும் திரும்ப வந்தன. இரண்டு புதுக் காட்சிகூட எழுதினார்கள். மேக்கப் அண்ணனிடம், "நானே காலையில கொஞ்சம் கலர் தொட்டு விட்டுடறேன் அண்ணே, உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்று சொல்லிவிட்டேன். "என் பொழப்புலயே கை வைக்கிறியா நோட்டக்கா?" என்று கிண்டலடித்தார். அதன் பிறகு ஷூட்டிங் இருந்த ஒவ்வொரு நாளும் காலை ஆறரைக்குச் செய்தேன். ஒரு நாள் தவறவில்லை. நீங்கள் மேசையில் பரப்பி வைத்திருக்கும் போட்டோக்கள் அவைதான். எண்ணிப் பார்த்தீர்களோ என்னவோ, முப்பது இருக்கும்.

மாத்திரையைக் கேட்டீர்கள். டாக்டர் கொடுத்த ஐந்து நாள் மாத்திரையை என் பையில்தான் வைத்திருந்தேன், வேளாவேளைக்கு நானே தருகிறேன் என்று அவனிடம் சொல்லியிருந்தேன். முதல் நாள் கொடுத்தேன். இரண்டாவது நாளே ஓரம் உலரத் தொடங்கியது, எனக்குப் பயமாகிவிட்டது. அப்புறம் கொடுத்தது சத்து மாத்திரை. அதுவும் உடம்புக்கு நல்லதுதானே. முதலில் ஆறட்டும் என்று நினைத்ததாகச் சற்று முன் சொன்னேன். நாள் கணக்கை வைத்துப் பார்த்தால் அது ஒத்துவரவில்லை என்று நீங்கள் சொல்வீர்கள். சரி, ஒத்துவரவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அவனுக்குச் சர்க்கரை வியாதி உண்டு. நான்கு வருஷமாக. மாதா மாதம் மாத்திரை வாங்கிக் கொடுப்பதே நான்தான், அதனால் எனக்குத் தெரியாது என்று சொல்ல வழியில்லை. இருபதாவது நாளோ என்னவோ, கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு, "ஏங்க்கா இது ஆறவே மாட்டேங்குது?" என்று கேட்டான். "உனக்குத்தான் சர்க்கரை இருக்கே, மெதுவாத்தான் ஆறும்" என்றேன். அதில் பொய் இல்லையே. அவன் தலையை ஆட்டிவிட்டு, மறுபடியும் என் பக்கம் முகத்தைத் திருப்பிக் கண்ணை மூடிக்கொண்டான். சின்ன வயதில் தலை வாரிவிடும்போதும் அப்படித்தான் கண்ணை மூடிக்கொள்வான்.

நடுவில் ஒரு நாள் மேக்கப் அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "உன் தம்பி கிட்டப் போனா ஒரு வாடை வருது. பாத்தியா?" என்றார். பவுடர் ஒத்துக்கொள்ளவில்லை போல என்றேன். அதன் பிறகு அவனை அண்ணனுடைய நாற்காலியில் உட்காரவிடவில்லை. கழுத்து, கைக்கெல்லாம் நானே பூசிவிட்டேன்.

முப்பத்தாறாவது நாள் காய்ச்சல் வந்தது. கண்ணைச் சுற்றி வீங்கியது. வீக்கம் நோட்டில் இல்லாத விஷயம், அதனால் ஐஸ் வைத்தேன். முழுக்க வடியவில்லை, ஆனால் நிழலான பக்கம் உட்காரவைத்தால் தெரியவில்லை. முப்பத்தொன்பதாவது நாள்தான் அவனுடைய பெரிய ஷாட். துப்பறிவாளன் கேட்பார், இவன் பதில் சொல்லாமல் பார்ப்பான். ஒரு நிமிஷம் இருபது நொடி, வெட்டே இல்லை. கண் சிவந்து, உதடு காய்ந்து, எங்கோ தூரத்திலிருந்து பார்ப்பதுபோல் பார்த்தான். அவனுக்கு அப்போது நூற்று மூன்று டிகிரி. முதல் டேக்கே ஓகே. இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "முதல் பாகத்துல இப்படி ஒரு ஷாட் கிடையாது" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். பிறகு என்னிடம் வந்து, "ஒரு தப்புகூட இல்லம்மா" என்றார். எனக்கு அழுகை வந்தது. அந்தப் படம் எடுத்த காலத்தில் நான் அழுதது அந்த ஒரு தடவைதான்.

நாற்பத்தொன்றாவது நாள் அவனுக்குக் கடைசி ஷாட் இருந்தது. ஜன்னல் ஓரம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். உட்கார்ந்திருந்தான். மறுநாள் காலையில் எழுப்பினேன், எழுந்திருக்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கிருமி ரத்தத்தில் கலந்து மூளை வரைக்கும் போய்விட்டது என்றார்கள். இரண்டு நாள் இருந்தான். என்னை யாரோ நாற்காலியில் உட்காரவைத்தார்கள், யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னம் இருக்குமே, அப்படி இருந்தது எனக்கு. இன்னும் அப்படித்தான் இருக்கிறது. நீங்கள் முதலில் என்னிடம் கத்திப் பேசியபோதும் எங்கோ பக்கத்து அறையில் கத்துவதுபோல்தான் கேட்டது.

ஏழு மாதம் கழித்து படம் வெளியானது. முதல் பாகத்தில் விட்டதையெல்லாம் இதில் பிடித்துவிட்டார்கள் என்று எழுதினார்கள். இரண்டாம் பாகம் முதல் பாகத்தைவிட மேலே நிற்பது அபூர்வம், இது நிற்கிறது என்று எழுதினார்கள். ஒரு பத்திரிகையில், சாட்சியாக நடித்தவரின் நெற்றிக் காயம்கூட நடிக்கிறது என்று போட்டிருந்தது. அதை வெட்டிப் பர்ஸில் வைத்திருக்கிறேன். உங்கள் ஆட்கள் எடுத்திருப்பார்கள். போஸ்டரிலும் அவன் வந்தான், முழு முகமும்.

முதல் நாள் முதல் காட்சிக்குப் போனேன். மேக்கப் அண்ணன் எனக்குப் பக்கத்து இருக்கை. யாரும் சிரிக்கவில்லை மேடம். சிரிக்கக்கூடாத இடத்தில் ஒருத்தரும் சிரிக்கவில்லை. இடைவேளையில் எல்லோரும் எழுந்து போனார்கள், அண்ணன் எழுந்திருக்கவில்லை.

"அவன் மாடிப்படியில ஏறுறது எந்த நாள் எடுத்தோம்?" என்று கேட்டார்.

"நாலாவது நாள்."

"மேல வந்து நின்னு திரும்புறது?"

"முப்பத்தஞ்சாவது நாள்." பெருமையாகத்தான் சொன்னேன். நோட்டு எனக்கு மனப்பாடம்.

அவர் வெறும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "கலர் தொட்டேன்னு சொன்னியே. அதுல கலரே இல்லயே நோட்டக்கா. எனக்குத் தெரியாதா?" என்றார். பாதிப் படத்தில் எழுந்து போய்விட்டார். அவர் பார்த்திருக்க வேண்டிய பாதி அதுதான், நல்லதெல்லாம் அதில்தான் இருக்கிறது. அடுத்த வாரம் உங்கள் ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவர் தொழிலை அவர் பார்த்தார்.

இயக்குநருக்கு எதுவும் தெரியாது. இதைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள். அவர் ஒரு காயம் கேட்டார், நான் கொடுத்தேன். எப்படி என்று அவர் கேட்கவில்லை, கேட்கும் பழக்கம் அவருக்கு இல்லை. தம்பி மனைவிக்கும் தெரியாது. "ஆறிடுச்சா அண்ணி?" என்று வெளியூரிலிருந்து போன் பண்ணுவாள். "நான் பாத்துக்கறேன்மா" என்பேன்.

ஒன்றைத்தான் நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். முப்பத்தொன்பதாவது நாள் சாயங்காலம், பெரிய ஷாட் முடிந்த பிறகு, நான் அவனை ஒரு கிளினிக்குக்கு அழைத்துப்போனேன். அழைத்துப்போனேன் என்பதையும் கவனியுங்கள். அங்கே இருந்த டாக்டர் காயம் எப்போது பட்டது என்று கேட்டதற்கு, இன்றைக்குக் காலை பத்து மணிக்கு என்று நான் சொல்லியிருக்கிறேன். அவர் அப்படியே எழுதிவைத்திருக்கிறார். ஏன் அப்படிச் சொன்னாய் என்கிறீர்கள்.

பழக்கம் என்று சொன்னேன். அது உண்மைதான். முப்பத்தேழு நாளாக அந்தக் காயத்துக்கு நேராக நான் எழுதிவந்தது காலை பத்து என்பதைத்தான். யார் கேட்டாலும் அதுதான் வாயில் வரும். எங்கள் வேலையில் இருக்கிற எவளும் அப்படித்தான் சொல்லியிருப்பாள். அன்று காலை ஆறரைக்குத் திறந்த காயம், பார்க்கவும் புதுசாகத்தான் இருந்தது. டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். இடித்ததில் வீங்கியிருக்கிறது, காய்ச்சல் ஊரெல்லாம் இருக்கிற காய்ச்சல், இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றார். சர்க்கரை உண்டா என்று படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது. அதை நான் நிரப்பவில்லை, அவரும் கேட்கவில்லை. மாதக் கணக்கான புண் என்று தெரிந்திருந்தால் அன்றைக்கே படுக்கவைத்து ஊசி ஏற்றியிருப்பேன், பிழைத்திருப்பான் என்று அவர் உங்களிடம் சொல்லியிருக்கிறார். இருக்கலாம். இன்னும் ஒரு ஷாட் பாக்கி இருந்தது.

அந்த டாக்டர் உங்களிடம் எல்லாவற்றையும் சொல்லவில்லை. மறந்திருப்பார், அல்லது சொல்லக் கூசியிருப்பார். நான் சொல்லிவிடுகிறேன், நோட்டில் எதையும் விடக்கூடாது.

தம்பி அங்கே கட்டிலில் படுத்துக்கொண்டிருந்தான். நான் பத்து மணி என்று சொன்னதும் கண்ணைத் திறந்தான். "இன்னைக்கு இல்ல சார்," என்றான். "ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. தினமும் திறந்துக்குது. எனக்குச் சர்க்கரை வேற இருக்கு." குரல் தெளிவாகத்தான் இருந்தது. டாக்டர் அவனைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் அவன் நெற்றியில் கை வைத்தேன். நெருப்பாகச் சுட்டது.

"காய்ச்சல்ல பெனாத்தறான் சார்," என்றேன்.

டாக்டர் என்னைத்தான் நம்பினார். மணியோடு சொன்னவள் நான். தம்பி கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். படத்தில் எல்லோரும் புகழ்கிறார்களே ஒரு பார்வை, அதைவிட நன்றாக இருந்தது அது. திரும்பும்போது வண்டியில், "நாளன்னைக்கு ஷாட் முடிஞ்சதும் என்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறியா அக்கா?" என்று கேட்டான். போகலாம் என்றேன். சொன்னபடி கூட்டிக்கொண்டும் போனேன்.

பெனாத்துகிறான் என்று சொன்னது ஒன்றுதான் மேடம் நான் சொன்ன பொய். மற்றதெல்லாம் வேலை.